பெட்டி வைத்தால் காய் பிடித்துவிடுமா?

பூ கொட்டுகிறது, பிஞ்சு நிற்கவில்லை, காய் கோணலாக வருகிறது என்று ஒரு விவசாயி முறையிட்டால் அவருக்கு இன்று கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: தேனீப் பெட்டி வையுங்கள். வேளாண்மை அலுவலர் அதைத்தான் சொல்கிறார். கடன் கொடுக்கும் வங்கியும், தொலைக்காட்சியில் வரும் விவசாய நிகழ்ச்சியும் அதையே சொல்கின்றன. 2017-இல் காதி கிராமத் தொழில் ஆணையம் தொடங்கிய தேன் இயக்கத்தில் நாடு முழுவதும் லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் கொடுக்கப்பட்டன. 2020-இல் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் அறிவித்தது. இனிப்புப் புரட்சி என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. சமூகப் பொறுப்பு நிதியை எங்கே செலவிடலாம் என்று பார்க்கும் நிறுவனங்களுக்கும் பெட்டி வசதியாக இருக்கிறது. எண்ணிக் கொடுக்கலாம், படம் எடுக்கலாம், ஆண்டறிக்கையில் போடலாம்.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் நம்பிக்கையைத்தான் இங்கே மறுக்க வந்திருக்கிறேன். பயிருக்கு மகரந்தச் சேர்க்கை செய்வது தேனீ. தேனீ என்றால் பெட்டியில் வளர்வது. ஆகவே பெட்டி கூடினால் விளைச்சல் கூடும் என்பது அந்த நம்பிக்கை. இதன் முதல் பகுதி பாதி உண்மை. இரண்டாவது தவறு. மூன்றாவது, அந்தத் தவறின்மேல் கட்டிய திட்டம். நம் வயல்களில் பெரும்பங்கு வேலையைச் செய்வது யாரும் வளர்க்காத, யாரும் எண்ணாத காட்டுத் தேனீக்கள். பெட்டியை மட்டும் பார்க்கும் கொள்கை அவற்றைக் கண்டுகொள்வதில்லை. அவற்றை அழிக்கும் பழக்கங்களுக்கு மறைமுகமாக இடமும் கொடுக்கிறது.

தேனீ வளர்ப்பவர்கள்மேல் எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது. தமிழ்நாட்டில் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. திருச்சியில் பாதிரியார் நியூட்டன் இந்திய அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். அது இன்னும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. வழியாக வளர்த்த தொழில் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நான் வாழும் மகாராஷ்டிரத்தில் மகாபலேஷ்வருக்குப் பக்கத்து மாங்கர் கிராமத்தை 2022-இல் தேன் கிராமமாக அறிவித்தார்கள். அங்கே வளர்ப்பது சாதேரி என்று மராத்தியர் அழைக்கும் நம் அடுக்குத் தேனீயைத்தான். தேனுக்காகத் தேனீ வளர்ப்பது நல்ல தொழில். அதை விளைச்சலுக்கான மருந்தாக விற்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

கன்னியாகுமரித் தேன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பகுதி ரப்பர் தோட்டத்திலிருந்து. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களில் இளம் இலைக்காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கிறது. தேனீ அதை உறிஞ்சிக்கொண்டு பெட்டிக்குப் போகிறது. அந்த வேலையில் பூவே கிடையாது. குடம் குடமாகத் தேன் எடுத்தாலும் ஒரு பிஞ்சுகூட அதனால் கூடுதலாக நிற்கப்போவதில்லை. தேனின் எடையைக் கொண்டு மகரந்தச் சேர்க்கையை அளக்கும் வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பெட்டிக்காரர் தேன் வரும் இடத்துக்குத்தான் பெட்டியை ஏற்றிப் போவார். அது அவர் பிழைப்பு. ராஜஸ்தானில் கடுகு பூத்தால் அங்கே, முசாபர்பூரில் லிச்சி பூத்தால் அங்கே. கத்தரிக்கும் பாகலுக்கும் துவரைக்கும் ஆள் தேவைப்படும் நாளில் அவர் பெட்டி அங்கே இருக்க வேண்டும் என்று யார் விதிக்க முடியும்?

பெட்டி வந்து நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எல்லாப் பூவிலும் அந்தத் தேனீயால் வேலை செய்ய முடியுமா? புனேக்கு அருகே நான் குடியிருக்கும் போசரி இயந்திரப் பட்டறைகளின் ஊர். ஒரு லேத்தை மட்டும் வைத்துக்கொண்டு வார்ப்பு, மில்லிங், கிரைண்டிங் எல்லா ஆர்டரையும் எடுத்துக்கொள்கிறேன் என்று இங்கே எந்தப் பட்டறைக்காரரும் சொல்லமாட்டார். பூக்களுக்கும் அப்படித்தான், ஒவ்வொன்றும் வேறு வேலை கேட்கிறது.

கத்தரிப் பூவை எடுத்துக்கொள்வோம். அதில் தேன் கிடையாது. ஊதா இதழ்களின் நடுவே ஐந்து மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்புபோல் கூடி நிற்கும். மற்றப் பூக்களில்போல அவை நெடுகப் பிளந்து மகரந்தத்தைக் காட்டாது. நுனியில் ஊசித்துளைபோல ஒரு வாசல். உப்புப்புட்டியின் துளைபோல் அதன் வழியாகத்தான் தூள் வெளியே வரவேண்டும். சும்மா உட்கார்ந்தால் வராது. காலை வெயில் ஏறும் நேரத்தில் ஒரு கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தால், வயிற்றில் நீல வரி போட்ட ஒரு தேனீ வரும். பூவைக் கீழிருந்து கட்டிப்பிடிக்கும். தாடையால் கூம்பைக் கவ்வி, வயிற்றை வளைத்து அதன் நுனியோடு ஒட்டிக்கொள்ளும். சிறகு மடங்கியிருக்கும், ஆனால் பறக்கும் தசை மட்டும் அதிரும். பறக்கும் ஒலியைவிடக் கூர்மையான ஒரு ரீங்காரம் விட்டுவிட்டுக் கேட்கும். ஒவ்வொரு அதிர்வுக்கும் மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். கருவண்டும் இதே வித்தை தெரிந்தது. மராத்தியில் புங்கா என்று அழைக்கப்படுகிற, மரத்தைத் துளைத்து வாழும், பார்க்கப் பயமாக இருக்கும் அந்தப் பெரிய கறுப்புத் தேனீயைத்தான் சொல்கிறேன். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது. இத்தாலியத் தேனீக்கும் வராது, அடுக்குத் தேனீக்கும் வராது. சில நேரம் அவை வந்து சிந்திக் கிடக்கும் தூளைப் பொறுக்கிப் போகும், அவ்வளவே.

கத்தரியும் தக்காளியும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடிகள்தாமே, காற்று ஆட்டினால் போதாதா என்பார்கள். ஓரளவு காய்க்கும், மறுக்கவில்லை. ஆனால் அதிர்வு கிடைத்த பூவில் சூலகத்துக்கு மகரந்தம் நிறையப் போகிறது, விதை கூடுகிறது, காயின் எடையும் கூடுகிறது. பெட்டித் தேனீயே போதும் என்றால் நெதர்லாந்து, பெல்ஜியத் தக்காளிக் குடில்காரர்கள் 1980-களின் இறுதியில் அதிர்வு வித்தை தெரிந்த பெருந்தேனீக்களைத் தேடிப்பிடித்து வளர்க்கத் தொடங்கியிருக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் பெட்டிக்கா பஞ்சம்? போசரியிலிருந்து நாசிக் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வருகிற நாராயண்காவ், மகாராஷ்டிரத்தின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. அந்தச் சந்தைக்கு வரும் திறந்தவெளித் தக்காளியில் இந்த அதிர்வுத் தேனீக்களின் பங்கு எவ்வளவு என்று எந்தத் திட்ட அறிக்கையும் கேட்டதாகத் தெரியவில்லை.

பொழுதுக்கும் இதில் இடமுண்டு. பீர்க்கும் சுரையும் சாயங்காலம் மலர்பவை. அந்த நேரத்தில் பெட்டித் தேனீ வீடு திரும்பிக்கொண்டிருக்கும். சுரைப் பந்தலில் இருட்டும் வேளையில் வேலை செய்வது அந்துப்பூச்சிகள். முருங்கைக்குக் கருவண்டு முக்கியம். ஆந்திரத்தில் நடந்த ஆய்வுகள் முருங்கையின் சிறந்த மகரந்தக் காவிகளாகப் பெரிய கருவண்டுகளைத்தான் காட்டின. புனேக்குத் தெற்கே சாஸ்வட், புரந்தர் பக்கத்தின் பேர்போன சீதாப்பழத்துக்குத் தேனீயே வேண்டாம், அதன் மடல் மூடிய பூவுக்குள் நுழைவது குட்டி வண்டுகள். சீதாப்பழத் தோப்பில் பெட்டி வைத்துவிட்டுப் பழம் கூடும் என்று காத்திருப்பவரை என்ன சொல்வது?

துவரைக்கு வருவோம். நம் எல்லார் வீட்டுச் சாம்பாரிலும் இருக்கிற பருப்பு. துவரைப் பூ அவரைப் பூவைப்போலப் படகு மடிப்பு உள்ளது. அந்த மடிப்பை அழுத்தித் திறக்கக் கொஞ்சம் உடல்பலம் வேண்டும். இலைவெட்டித் தேனீக்கு அது உண்டு. வயிற்றின் அடிப்பக்கத்தில் தூரிகைபோல் மயிர். மகரந்தத்தைக் காலில் உருட்டாமல் அந்த மயிரிலேயே பூசிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். ஐதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் துவரையில் கலப்பின விதை உண்டாக்கியபோது, ஆண்வரிசையின் மகரந்தத்தைப் பெண்வரிசைக்குக் கொண்டுபோகக் கூலி ஆளை நியமிக்கவில்லை. இலைவெட்டித் தேனீயும் மலைத் தேனீயும் அந்த வேலையைச் செய்யும் என்ற நம்பிக்கையில்தான் முழு விதை உற்பத்தி முறையும் அமைந்தது. அந்த விதைப்பயிருக்கு அடித்தளமாக இருக்கும் அந்தப் பூச்சிக்கு இதுவரை ஒரு ரூபாய் மானியம் உண்டா?

குதிரை மசாலின் கதை இன்னும் கறாரானது. அதன் பூவைத் திறந்தால் உள்ளிருக்கும் தண்டு சட்டென்று எழும்பித் தேனீயின் முகத்தில் அறையும். இத்தாலியத் தேனீ இதை ஓரிரு முறை வாங்கிக்கொண்ட பிறகு, பக்கவாட்டிலிருந்து நாக்கை நீட்டித் தேனை மட்டும் எடுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. பூ திறக்காது, விதை பிடிக்காது. அமெரிக்காவின் மேற்கு மாநில விவசாயிகள் இதைக் கண்ட பிறகு இலைவெட்டித் தேனீயையும், உவர்மண்ணில் வளைதோண்டி வாழும் ஒரு தேனீயையும் நாடினார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் டச்செட் பள்ளத்தாக்கில் அந்த மண்தேனீக்காக வயலோரத்தில் உவர்நிலத்தைப் பயிரிடாமல் விட்டு, ஈரம் காத்து, தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கிறார்கள். அவை பறக்கும் பருவத்தில் அவ்வழிச் சாலையில் வண்டிகளின் வேகத்தைக்கூடக் குறைக்கச் சொல்கிறார்கள். காட்டுத் தேனீயை நிர்வகிக்க முடியாது, எண்ண முடியாது, ஆகவே கொள்கை வகுக்க முடியாது என்று சொல்பவர்கள் டச்செட்டுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? அங்கே நிர்வகிக்கப்படுவது தேனீ வாழும் மண். தேனீ தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது.

இனி வெங்காயம். போசரியிலிருந்து பேசும்போது இதைத் தவிர்க்க முடியாது. சாகண் சந்தையின் வெங்காயம் தெரியாதவர் இல்லை. அதைத் தாண்டினால் ராஜ்குருநகரில் மத்திய அரசின் வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி இயக்குநரகமே இருக்கிறது. நாம் தின்னும் கிழங்குக்குத் தேனீ வேண்டாம். அடுத்த ஆண்டு நடுவதற்கான விதைக்குத் தேனீ இல்லாமல் முடியாது. விதைக்கென்று ஐப்பசி, கார்த்திகையில் நட்ட கிழங்கு தை மாசியில் பூத்தண்டு விடும். ஒரு தண்டின் தலையில் நூற்றுக்கணக்கான வெள்ளைப் பூக்கள் பந்துபோல் திரளும். வாரக்கணக்கில் ஒவ்வொன்றாய் மலரும். ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பை முதலில் வெடித்துத் தீர்ந்துவிடுகிறது. சூலகமுடி பிறகுதான் மகரந்தம் ஏற்கும் நிலைக்கு வருகிறது. ஒரே பூவுக்குள் இரண்டும் சந்திக்கவே முடியாது. வேறொரு பூவிலிருந்து, வேறொரு தண்டிலிருந்து, யாராவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும். காற்றுக்கு அந்த மகரந்தம் லேசானதாக இல்லை.

பெட்டித் தேனீ வெங்காயப் பூவுக்கு வரும், விதையும் பிடிக்கும். ஆனால் வெங்காயத் தேனில் பொட்டாசியம் மிகுதி என்பது 1970-களிலிருந்தே தெரிந்த செய்தி. பெட்டித் தேனீக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பக்கத்து வயலில் கடுகோ கொத்தமல்லியோ பூத்திருந்தால் வாடகை கொடுத்துக் கொண்டுவந்த பெட்டியின் படை முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். விவசாயி வாடகை தன் வெங்காயத்துக்குக் கொடுத்தார், வேலை அயலார் வயலில் நடக்கிறது. பகலில் ஒரு விதை வெங்காய வயலில் நின்று பாருங்கள். மராத்தியர் ஆக்யா என்று அஞ்சும் மலைத் தேனீ, விரலளவுக் கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீ, கொசுவைப்போலச் சிறிய கொடுக்கில்லாத் தேனீ, மண்ணில் வளை தோண்டும் சின்னச் சின்னத் தேனீக்கள், இவற்றோடு பூ ஈக்கள். இந்தக் கூட்டத்தில் யாரும் யார் பெட்டியிலிருந்தும் வந்தவர் அல்ல.

இது என் கண்ணுக்கு மட்டும் படுவதல்ல. அர்ஜென்டினாவின் லூக்காஸ் கரிபால்டி தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் 41 பயிர் அமைப்புகளில் திரட்டிய தரவுகளை 2013-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். காட்டுப் பூச்சிகள் பூவுக்கு வருவது கூடியபோது எல்லாப் பயிர் அமைப்புகளிலும் காய்பிடிப்பு கூடியது. வளர்ப்புத் தேனீயின் வருகை கூடியபோது 14 சதவீத அமைப்புகளில் மட்டுமே அப்படி நடந்தது. வருகை அதே அளவு கூடினால் காட்டுப் பூச்சியால் வரும் பலன் இரண்டு மடங்கு. பெட்டி நிறைய இருந்த இடத்திலும் காட்டுப் பூச்சியின் பலன் குறையவில்லை. கலிபோர்னியாவில் கலப்பினச் சூரியகாந்தி விதை வயல்களில் 2006-இல் கண்டது இதற்கு மேலே ஒரு படி. காட்டுத் தேனீக்கள் உள்ள வயலில் பெட்டித் தேனீயே ஐந்து மடங்கு வரை திறமையாக வேலை செய்தது. அவை இடிபட்டு, விரட்டப்பட்டு, ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்குத் தாவியதால் மகரந்தம் சரியான இடம் சேர்ந்தது. நமக்குப் பக்கத்தில் குடகில் ரோபஸ்டா காப்பித் தோட்டங்களை ஆராய்ந்தவர்கள் முதன்மை உழைப்பாளியாகக் கண்டது மலைத் தேனீயை. பெட்டிக்குள் அடைக்கவே முடியாத தேனீ அது.

சரி, காட்டுத் தேனீ என்றால் காட்டில்தானே இருக்கும், போசரி போன்ற ஊரில் ஏது என்று ஒரு வாதம் வரும். இது பலருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம், ஆனாலும் தவறு. 2015-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, பயிருக்கு வரும் காட்டுத் தேனீ வருகைகளில் 80 சதவீதத்தைச் செய்வது ஒரு வட்டாரத்திலுள்ள இனங்களில் வெறும் 2 சதவீதம் என்று காட்டியது. அந்த இனங்கள் அரியவை அல்ல. வயலோரத்திலும் சாலையோரத்திலும் கிடைத்ததைக் கொண்டு வாழும் சாதாரண இனங்கள். போசரியையே பாருங்கள். 1962-இல் அமைந்த மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் கையால் வயலாக இருந்த இடம் தொழிற்பேட்டையானது. அதே 1962-இல்தான் புனே நகரில் மத்திய தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிலையமும் தொடங்கியது. பூச்சியியல் அறிஞர் அத்வாலின் முயற்சியில் இத்தாலியத் தேனீ இமாசலத்தின் நக்ரோட்டாவில் கால் ஊன்றத் தொடங்கியதும் அதே ஆண்டு. தொழிற்பேட்டையும் பெட்டித் தேனீயும் ஒன்றாக வளர்ந்த அறுபதாண்டுகளுக்குப் பிறகும் இங்கே காட்டுத் தேனீ இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மலைத் தேனீயின் அடை முறம்போல் தொங்குகிறது. மதில் செங்கல் இடுக்கிலிருந்து கொடுக்கில்லாத் தேனீ மெழுகுக் குழாய் நீட்டியிருக்கிறது. மழைக்கு நனைந்து கிடக்கும் மரப் பலகைகளில் கருவண்டு விரல் நுழையும் துளை போட்டு, கீழே மரத்தூளைக் குவித்திருக்கிறது. ஆணி பிடுங்கிய ஓட்டைக்குள் இலைவெட்டித் தேனீ வட்டமாக நறுக்கிய இலைத்துண்டைச் சுருட்டிக்கொண்டு நுழைகிறது. வீட்டு ரோஜாச் செடியில் காசளவுக்கு இலை வெட்டுப்பட்டிருந்தால் பூச்சிமருந்தைத் தேடி ஓடாதீர்கள், வெட்டியது இவள்தான். மோஷி, சர்ஹோலி, ஆளந்தி பக்கம் மிச்சமிருக்கும் தோட்டங்களுக்கு ஆள் இங்கிருந்தும் போகிறது.

மலைத் தேனீயைப் பற்றிய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டமாகக் கொட்டினால் உயிர் போகும். ஜுன்னரில் சிவநேரிக் கோட்டைக்குப் போனவர்கள் கொட்டுப்பட்ட செய்தி வந்திருக்கிறது. அப்படிப்பட்ட செய்திக்குப் பிறகு அடுக்குமாடிச் சங்கம் மருந்தடிக்க ஆள் கூப்பிடுவது புரிகிறது. ஆனால் மலைத் தேனீ ஓர் இடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. பூ தீர்ந்தால் அடையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடும். யார் கையும் எட்டாத உயரத்தில் இருக்கும் அடையைச் சீண்டாமல், அதன்கீழ் வெளிச்சத்தைக் குறைத்து, சில வாரம் பொறுத்தால் தானாக விலகும். ஆபத்தான இடத்தில் இருந்தால் விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு புகை காட்டி அகற்றலாம். ராத்திரியோடு ராத்திரியாக மருந்தடித்துக் கூடை கூடையாகக் கூட்டித் தள்ளுவதுதான் வழி என்பது சோம்பல்.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஒரு பேச்சையும் மறுத்தாக வேண்டும். தேனீ அழிந்தால் நான்கே ஆண்டில் மனிதன் அழிவான் என்று ஐன்ஸ்டைன் பெயரில் சுற்றும் வாசகத்தைப் பள்ளி விழாவிலிருந்து அமைச்சர் உரைவரை எல்லாரும் சொல்கிறார்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. சொல்லப்படுவதும் உண்மையன்று. நெல், கோதுமை, சோளம், கம்பு எதற்கும் தேனீ தேவையில்லை. உலகின் முக்கியப் பயிர்கள் 115-இல் 87-க்கு விலங்குகளின் மகரந்தச் சேர்க்கை ஏதோ ஓர் அளவில் பயன்படுகிறது. எடையாகப் பார்த்தால் அவை உணவு உற்பத்தியில் சுமார் 35 சதவீதம். பட்டினி வராது. தட்டிலிருந்து காயும் பழமும் பருப்பும் குறையும், சோறு மிஞ்சும். ஏழை வீட்டில் அது முதலில் தெரியும். இந்த உண்மையே போதுமான அளவு கடுமையானது. இதை ஊதிப் பெரிதாக்கும்போது, பயந்துபோன மக்களுக்குக் கையில் கொடுக்க ஒரு பெட்டி தயாராக இருக்கிறது. அந்தப் பொய்ப் பயமும் பெட்டி வியாபாரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

ஒரே ஓர் இனத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதைக் குமரி மாவட்டத்தாரைக் கேட்க வேண்டும். 1991-92-இல் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி தென்னிந்தியா முழுவதும் அடுக்குத் தேனீயைத் தாக்கியது. புழுக்கள் பை பையாய் வீங்கிச் செத்தன. பெட்டிகள் வரிசை வரிசையாகக் காலியாயின. தலைமுறைகளாக வளர்த்தவர்கள் தொழிலை விட்டார்கள். அதற்குப் பிறகுதான் இத்தாலியத் தேனீ அங்கே பெரிதாக வந்தது. அதற்கும் உண்ணி உண்டு, நோய் உண்டு. அந்த ஆண்டுகளில் தென்னையும் பூசணியும் பாகலும் முழுக்கக் காய்க்காமல் போகவில்லை என்றால், பெட்டிக்கு வெளியே வேறு யாரோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பொருள்.

பெட்டிக் கொள்கையின்மேல் எனக்குள்ள கடைசிக் குறை எல்லாவற்றிலும் பெரியது. மருந்தடிக்கும் நாளுக்கு முந்தின இரவே பெட்டியின் வாசலை மூடுங்கள், அல்லது பெட்டியை அப்புறப்படுத்துங்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். பெட்டிக்காரருக்கு அது நல்ல அறிவுரை. ஆனால் அதன் விளைவு, தேனீயைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு அடுத்த நாள் மருந்து அடிக்கப்படுகிறது. வெங்காயப் பூவில் இலைப்பேனுக்கு, தக்காளியில் வெள்ளை ஈக்கு. வாசலை மூட முடியாத தேனீக்கள் அந்தக் காலை பூவிலேயே இருக்கின்றன. உலகின் தேனீ இனங்களில் பத்தில் ஏழு மண்ணுக்குள் கூடு கட்டுபவை. விதையில் பூசியும் வேரில் ஊற்றியும் கொடுக்கும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் அவற்றின் தொட்டிலிலேயே போய்ச் சேர்கின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் பூசணித் தேனீயை வைத்துச் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், அந்த மருந்து இட்ட மண்ணில் கூடுகள் 85 சதவீதம் குறைந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அந்த மருந்தையும் அதன் இரு உறவுகளையும் திறந்த வயலில் தடை செய்துவிட்டது. இங்கே அவை சாதாரணமாகக் கடையில் கிடைக்கின்றன. ஒரு கையால் பெட்டிக்கு மானியம், மறு கையால் மண்தேனீக்கு நஞ்சு. கணக்கேட்டில் முதல் கை மட்டும் பதிவாகிறது.

சீனாவின் சிச்சுவானில் பேரி மரங்களுக்கு மனிதர்கள் ஏணி வைத்து ஏறி, கோழி இறகால் மகரந்தம் தடவத் தொடங்கினார்கள். தொடர்ந்து அடித்த மருந்தும் அழிந்த கூடுகளும் அதற்கு முக்கியக் காரணம். பெட்டிக்காரர்களும் மருந்துக்குப் பயந்து அந்தப் பக்கம் வர மறுத்தார்கள். காட்டுத் தேனீக்கு ஆகாத வயல் பெட்டித் தேனீக்கும் ஆகாது என்பதை அங்கே பார்க்கலாம்.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்கு: வரப்பை இயந்திரத்தால் வழித்துத் துடைப்பதை நிறுத்தச் சொல்கிறேன். வயலில் ஒரு மூலையாவது உழாத வெறும் மண்ணாக இருக்கட்டும், காய்ந்த மரமும் மூங்கிலும் கொஞ்சம் அங்கேயே கிடக்கட்டும். புங்கும் முருங்கையும் துளசியும் வேலியோரம் பூக்கட்டும். பயிர் பூக்காத மாதங்களிலும் அவற்றுக்குச் சாப்பாடு வேண்டும். விதை வெங்காயம் பூத்திருக்கும் வாரங்களில் பூச்சிமருந்து கூடாது. அடித்தே தீர வேண்டும் என்றால் பொழுது சாய்ந்த பிறகு. இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. தேவைப்படும் இடத்தில், உழாமல் விட்ட அந்த மூலைக்கு விவசாயிக்கு ஈடு கொடுங்கள். 500 கோடியில் பத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கினாலே போதும். அந்தப் பணத்தைப் பெட்டியைப்போல எண்ணிக் காட்ட முடியாது என்பார்கள். முடியும். அடுத்த தை மாதம் ராஜ்குருநகர்ப் பக்கம் வெங்காயம் பூக்கும்போது, பெட்டி எத்தனை கொடுத்தோம் என்ற பட்டியலோடு வேறொரு கணக்கும் எடுக்கட்டும்: ஒரு பூப்பந்தின் முன் பத்து நிமிடம் நின்றால் எத்தனை வகைத் தேனீ வருகிறது, மருந்தடித்த வயலில் எத்தனை, அடிக்காத வயலில் எத்தனை, வரப்பு உள்ள வயலில் எத்தனை. வேளாண் கல்லூரி மாணவர்களை அனுப்பினால் ஒரு வாரத்தில் தாலுகா முழுவதும் எடுத்துவிடலாம். அந்தக் கணக்கு வந்த பிறகு பெட்டியைப் பற்றிப் பேசுவோம்.